பேரிடர் அதிகாரத்துக்கு எந்தக் கடிவாளம்? காலக்கெடு, சட்டமன்றம், நீதிமன்றம்: ஓர் ஒப்பீடு

வெள்ளம், நிலநடுக்கம், தொற்றுநோய் என ஒன்றைப் பேரிடராக அரசு அறிவித்ததும் சட்டமன்றத்தின் கையில் வழக்கமாக இருக்கும் பல அதிகாரங்கள் நிர்வாகத்தின் கைக்கு மாறிவிடுகின்றன. ஊரடங்கு போடலாம், தனியார் கட்டடத்தையும் வாகனத்தையும் எடுத்துக்கொள்ளலாம், டெண்டர் இல்லாமல் கொள்முதல் செய்யலாம், தொழிலாளர் சட்டத்தின் சில பிரிவுகளை நிறுத்திவைக்கலாம், மீறுபவரைச் சிறைக்கு அனுப்பலாம். இந்த அதிகாரமே கூடாது என்று சொல்வதில் பொருளில்லை. அணையில் விரிசல் கண்ட இரவில் குழு கூட்டி வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்க முடியாது. எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையோடு கொடுப்பது, நிறுத்தும் உரிமை யாரிடம் இருப்பது என்பவைதான் முடிவு செய்ய வேண்டியவை.

பேரிடர்ச் சட்டத்தை வரைபவரும், திருத்தம் கொண்டுவரும் உறுப்பினரும், வரைவு மசோதாவுக்குக் கருத்து அனுப்பும் அமைப்பும் இதே தேர்வை எதிர்கொள்கிறார்கள். உலகில் நடைமுறையில் இருக்கும் கட்டுப்பாடுகள் ஆறேழு வகைக்குள் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: யாரும் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தால் அதிகாரம் தொடருமா, தானாக முடியுமா? தொடரும் என்று பதில் வந்தால், அந்தச் சட்டத்தில் வேறு எத்தனை நிபந்தனைகள் இருந்தாலும் நெருக்கடியில் அவை பெரிதாக உதவாது. நிர்வாகத்துக்கு அவசரம் இருக்கும். எதிர்த்து நிற்க வேண்டியவர்களுக்குத் தயக்கம் இருக்கும். தயங்குபவர்கள் மீது வேலையைச் சுமத்தும் சட்டம் அதிகாரத்தை நீட்டிக்கவே உதவுகிறது.

அரசே புதுப்பித்துக்கொள்ளும் காலக்கெடு

முதல் வகை எளியது. அறிவிப்புக்கு ஒரு காலவரம்பு உண்டு. முடியும்போது அறிவித்தவரே நீட்டிக்கலாம். பார்க்கக் கண்டிப்பாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்த வகை. தேசியப் பேரிடர் நிலை 3 மாதத்தில் காலாவதியாகும், ஆனால் அமைச்சர் அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு ஒவ்வொரு மாதமாக நீட்டிக்கலாம். கோவிட் தொற்றுக்காக 2020 மார்ச் 15-இல் தொடங்கிய பேரிடர் நிலை இப்படியே நீண்டு 2022 ஏப்ரல் தொடக்கத்தில்தான் முடிந்தது. 3 மாதம் என்று எழுதியது 2 ஆண்டைத் தாண்டியது, அதற்கு நாடாளுமன்றத்தின் ஒரு வாக்குகூடச் சட்டப்படி தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுத் தேசிய அவசரநிலைச் சட்டமும் ஆண்டுதோறும் குடியரசுத் தலைவர் புதுப்பிக்காவிட்டால் அவசரநிலை முடியும் என்கிறது. ஈரானில் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது 1979 நவம்பர் 14-இல் அறிவித்த அவசரநிலை அரை நூற்றாண்டை நெருங்கியும் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் கூடி இதை ஆராய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆராயாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அதனால் அந்தப் பிரிவு பல பத்தாண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது.

இந்த வகையில் நன்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதந்தோறும் ஒரு கையெழுத்து தேவை என்றால், மறதியால் பழைய ஆணை உயிரோடு கிடப்பது குறையும். பத்திரிகைகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு தேதி கிடைக்கும். அதற்கு மேல் இதை ஒரு கட்டுப்பாடாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சட்டமன்றம் கூடி முடித்துவைப்பது

இரண்டாவது வகை: அறிவிப்பு தொடரும், சட்டமன்றம் விரும்பினால் தீர்மானம் போட்டு முடிக்கலாம். சட்டம் இயற்றுவோருக்கு இது பிடிக்கும், ஏனென்றால் ரத்து செய்யும் உரிமை தங்களிடம் இருப்பதாகத் தோன்றும். அந்தத் தீர்மானத்துக்கு அரசுத் தலைவரின் கையெழுத்து வேண்டுமா என்ற சிறிய விவரத்தில் எல்லாம் சரிந்துவிடுகிறது.

1976-இல் அமெரிக்கச் சட்டம் வந்தபோது இரு அவைகளும் சேர்ந்து போடும் தீர்மானமே அவசரநிலையை முடிக்கப் போதும். குடியரசுத் தலைவரின் கையெழுத்து வேண்டாம். 1983-இல் வேறொரு வழக்கில், கையெழுத்தைத் தவிர்க்கும் இத்தகைய அவைத் தீர்மானங்கள் அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985-இல் சட்டத்தைத் திருத்தி, கையெழுத்துக்குப் போக வேண்டிய தீர்மானமாக மாற்றினார்கள். 2019-இல் விளைவு தெரிந்தது. எல்லைச் சுவருக்கு நிதி திரட்ட பிப்ரவரி 15-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதை முடிக்கும் தீர்மானம் கீழவையில் 245-க்கு 182, மேலவையில் 59-க்கு 41 என நிறைவேறியது. அறிவித்த தலைவரே மார்ச் 15-இல் அதை நிராகரித்தார். நிராகரிப்பை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கீழவையில் 248 வாக்கு மட்டுமே கிடைத்தது. இரு அவைகளிலும் பெரும்பான்மை எதிர்த்தும் அவசரநிலை நின்றது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் இதே சிக்கல். 2020 ஜூனில் ஆளுநரின் பேரிடர் அறிவிப்பை முடிக்க மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆளுநருக்கு அனுப்பாத தீர்மானம் செல்லாது என்று ஜூலை 1-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஆளுநர் 90 நாளுக்கு ஒருமுறை தாமே புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒன்று சேர்ந்து இரண்டுமே பலிக்காமல் போயின. அரசமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த வகையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முதன்மைக் காவலாக நம்ப முடியாது. வைப்பதானால், முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு நிர்வாகத் தலைவரின் ஒப்புதல் தேவையில்லை என்று அரசமைப்பிலேயே எழுத வேண்டும். சாதாரணச் சட்டத்தில் எழுதினால் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது அந்தந்த நாட்டு அரசமைப்பைப் பொறுத்தது. குறைந்த எண்ணிக்கையிலான உறுப்பினர்களே விவாதத்தைத் தொடங்க முடிய வேண்டும். கனடாவின் 1988-ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தில் கீழவையில் 20 பேரோ மேலவையில் 10 பேரோ கையெழுத்திட்டால் போதும், 3 அமர்வு நாளுக்குள் விவாதம் வந்தாக வேண்டும். அவைத் தலைவர் நேரம் ஒதுக்காமல் தள்ளிப்போடும் வழி அதோடு அடைபடுகிறது.

ஒப்புதல் இல்லாவிட்டால் தானாகக் காலாவதி

மூன்றாவது வகைதான் என் தேர்வு. குறுகிய முதல் காலம் நிர்வாகத்துக்கு. அதற்குள் சட்டமன்றம் ஆம் என்று வாக்களித்தால்தான் தொடரும். வாக்கெடுப்பே நடக்காவிட்டால் ஆணை செத்துவிடும். நீட்டிப்பு வேண்டும் அரசுதான் இங்கே ஓட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், எண்ணிக்கை திரட்ட வேண்டும்.

முதல் காலம் எத்தனை நாள்? பிரான்ஸின் 1955 ஏப்ரல் 3-ஆம் நாள் சட்டத்தில் 12 நாள். அதற்கு மேல் போகச் சட்டமே இயற்ற வேண்டும். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 37-ஆவது பிரிவில் அவசரநிலைக்கு 21 நாள். பென்சில்வேனியாவில் 2021 மே 18 வாக்கெடுப்புக்குப் பிறகு அதே 21 நாள். அமெரிக்க மாநிலங்களான மிச்சிகனின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 28, விஸ்கான்சினில் 60, கனடாவில் இயற்கைப் பேரிடர், நோய் போன்றவற்றுக்கு 90. பிரிட்டனின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது: விதிமுறைகளை நாடாளுமன்றத்தில் வைத்த 7 நாளுக்குள் இரு அவைகளும் ஏற்காவிட்டால் அவை போய்விடும், ஏற்றாலும் 30 நாளோடு முடியும்.

7 நாள் என்பது மீட்புப் பணி உச்சத்தில் இருக்கும் நேரம். உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் நிற்க வேண்டிய நேரமும் அதுவே. 60, 90 நாள் என்றால் பெரும்பாலான வெள்ளமும் புயலும் வடிந்து, கட்டுப்பாடுகள் மட்டும் பழக்கத்தால் நிற்கும் கட்டம். 21 நாள் இரண்டுக்கும் நடுவே நன்றாகப் பொருந்துகிறது. என்ன நடந்தது, எந்த ஆணை வேலை செய்தது, எது வீண் என்பதற்கு அதற்குள் தரவு கிடைத்துவிடும்.

நீட்டிப்புகளுக்கு வாசல் படிப்படியாக உயர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் முதல் நீட்டிப்புக்கு உறுப்பினர்களில் பெரும்பான்மை, அடுத்தடுத்தவற்றுக்கு 60 விழுக்காடு. ஒவ்வொரு நீட்டிப்பும் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது, வாக்கெடுப்புக்கு முன் பொது விவாதம் நடந்திருக்க வேண்டும். 60 விழுக்காடு என்னும்போது ஆளுங்கட்சி பெரும்பாலும் எதிர்க்கட்சியோடு பேசியாக வேண்டும், பேச்சுவார்த்தையில் அதிகாரத்தின் வரம்பு சுருங்கும். இந்தப் படியை எளிதில் நீக்க முடியாதபடி காக்கவும் வேண்டும். இலங்கையின் 1978 அரசமைப்பில், அவசரநிலை 90 நாளைத் தாண்டித் தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றிருந்தது. 1986-இல் 10-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதன் பிறகு மாதாமாதம் சாதாரணப் பெரும்பான்மையில் நீட்டிக்க முடிந்தது. 2011 வரை இடையிடையே சில இடைவெளி தவிர அந்நாடு அவசரநிலையிலேயே வாழ்ந்தது. மாதந்தோறும் வாக்கெடுப்பு நடந்த நாடு அது என்பதை மறக்கக் கூடாது. எண்ணிக்கை உயராத வாக்கெடுப்பு நாளடைவில் சடங்காகிவிடும்.

சட்டமன்றமே ஆளுங்கட்சியின் கைக்குள் இருந்தால் மூன்றாவது வகையும் தோற்கும். ஹங்கேரியில் அவசர ஆணைகள் 15 நாளில் காலாவதியாக வேண்டும், நாடாளுமன்றம் ஏற்றால் மட்டும் நீளும் என்று அந்நாட்டு அரசமைப்பான அடிப்படைச் சட்டம் சொன்னது. 2020 மார்ச் 30-இல் மூன்றில் இரண்டு பங்குப் பலம் இருந்த ஆளும் தரப்பு, பின்னால் வரப்போகும் ஆணைகளுக்கும் சேர்த்து முடிவுத் தேதி குறிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்தச் சட்டம் ஜூனில் விலக்கப்பட்டாலும் பாடம் நிற்கிறது. அவை ஏற்க வேண்டியது வெளிவந்துவிட்ட ஆணைகளை, ஒவ்வொன்றாக. இனி வரப்போவதை முன்கூட்டி ஏற்க அவைக்கே உரிமை இல்லை என்று எழுத வேண்டும்.

இன்னொரு ஓட்டை, மறு அறிவிப்பு. 60 நாள் முடிந்ததும் விஸ்கான்சின் ஆளுநர் அதே கோவிட் தொற்றுக்குப் புது அறிவிப்பு வெளியிட்டார், பிறகு இன்னொன்று. 2021 பிப்ரவரி 4-இல் சட்டமன்றம் ஒன்றை ரத்து செய்த அதே நாளில் வேறொன்று வந்தது. அதே காரணத்துக்கு மீண்டும் மீண்டும் அறிவிக்க முடியாது என்று மார்ச் 31-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. ஓராண்டு அதற்குள் கடந்துவிட்டது. பென்சில்வேனியா திருத்தம் இதை முன்கூட்டியே அடைத்தது: அதே உண்மைகளையோ ஏறக்குறைய அதேபோன்ற உண்மைகளையோ காட்டி, சட்டமன்றத் தீர்மானம் இல்லாமல் புதிய அறிவிப்பு வெளியிடக் கூடாது. இந்த ஒரு வரி இல்லாத எந்தக் காலக்கெடுவும் வீண்.

அவை கூட முடியாத நிலை வந்தால்? மசோதா விவாதங்களில் நிர்வாகம் வைக்கும் நேர்மையான ஆட்சேபம் இது. அதிகாரத்தைத் தொடரவிடுவதை இதற்கு விடையாக ஏற்க முடியாது. கூடும் கடமையையும் கூடும் வழியையும் சட்டத்தில் எழுதிவைக்க முடியும். பிரிட்டன் சட்டப்படி, விதிமுறை போடும்போது அவை விடுமுறையில் இருந்தால் 5 நாளுக்குள் அழைக்க வேண்டும். இந்தியாவில் அரசமைப்புப்படியான அவசரநிலையை விலக்கக் கோரி மக்களவையின் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கொடுத்தால், 14 நாளுக்குள் சிறப்பு அமர்வு நடந்தாக வேண்டும். காணொலி வழிப் பங்கேற்பு சாத்தியம் என்பதை 2020 ஏப்ரலில் பிரிட்டன் கீழவையே நடத்திக் காட்டியது.

பூட்டு ஒரு கதவில், நடமாட்டம் இன்னொரு கதவில்

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும், என் பார்வையில் மிகப் பெரிய தவறும் இதுவே. கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு ஒரு நாடு தன் அரசமைப்பு அவசரநிலைக்குக் கனமான பூட்டு போடுகிறது. பிறகு பேரிடருக்கென்று தனிச் சட்டம் இயற்றும்போது, இது நிவாரணம்தானே என்று அந்தக் கதவைத் திறந்தே விட்டுவிடுகிறது. அடுத்த நெருக்கடியில் அரசு எந்தக் கதவை எடுக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

இந்தியாவில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த அவசரநிலைக்குப் பிறகு, 1978-இன் 44-ஆவது திருத்தம் பலமான பூட்டைப் போட்டது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணம் "ஆயுதமேந்திய கிளர்ச்சி" என்று சுருங்கியது. அமைச்சரவையின் எழுத்துவடிவ முடிவு கட்டாயமாயிற்று. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அதே. 20, 21-ஆம் பிரிவுகளின் உரிமைகளை (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர், தனிமனிதச் சுதந்திரம்) நிறுத்திவைக்கவே முடியாது. 2020 மார்ச் 24-இல் நாடு முழுவதும் முடக்கம் வந்தபோது இவற்றில் ஒன்றும் பயன்படவில்லை, தேவைப்படவும் இல்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை ஆணைகள் வந்தன. அந்தச் சட்டத்தில் நாடாளுமன்ற ஒப்புதலுக்கான கெடு இல்லை, அதிகபட்சக் காலமும் இல்லை. 51-ஆவது பிரிவு ஓராண்டு வரையும், உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரையும் சிறை விதிக்கிறது. 2022 மார்ச் இறுதி வரை இந்த ஏற்பாடு ஓடியது.

தென்னாப்பிரிக்கா 37-ஆவது பிரிவின் 21 நாள் கதவை விட்டுவிட்டு, அமைச்சர் கையெழுத்துக் கதவை எடுத்தது. பிரிட்டன் 7 நாள் கதவை விட்டுவிட்டு 1984-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை எடுத்தது. 2020 மார்ச் 26-இல் நடைமுறைக்கு வந்த முடக்க விதிமுறையைக் கீழவை மே 4-இல்தான் விவாதித்தது. மிச்சிகனில் 28 நாள் சட்டத்தோடு, காலவரம்பே இல்லாத 1945-ஆம் ஆண்டுச் சட்டமும் அருகிலேயே இருந்தது. சட்டமன்றம் 2020 ஏப்ரல் 30-க்கு மேல் நீட்டிக்க மறுத்ததும் ஆளுநர் பழைய சட்டத்தின் கீழ் தொடர்ந்தார். அக்டோபர் 2-இல் அந்தச் சட்டமே அரசமைப்புக்கு முரண் என்று மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது.

ஆக, புதிய வரைவைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மக்கள் ஒன்றுகூடுவதற்குத் தடை போடும் மாவட்ட அதிகாரியின் அதிகாரம், தொற்றுநோய்ச் சட்டம், அத்தியாவசியப் பொருள் சட்டம், மின்சாரம், போக்குவரத்து, தொழிற்சாலைச் சட்டங்களில் ஒளிந்திருக்கும் "அவசரம்" என்ற சொல் என எல்லாவற்றையும் திரட்டி ஒரு பட்டியல் போடுங்கள். எது எத்தனை நாள், யார் கையெழுத்து, யார் ஒப்புதல், மீறினால் என்ன தண்டனை என்று நான்கு நெடுவரிசையில் எழுதினால், எந்தக் கதவு பலவீனம் என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும். பிறகு வரைவில் ஒரு பிரிவு: ஒரே பேரிடரைக் காரணம் காட்டி வேறெந்தச் சட்டத்தின் கீழ் ஆணை வந்தாலும், அதுவும் இந்தச் சட்டத்தின் காலக்கெடுவுக்குள்தான் அடங்கும்.

நீதிமன்றம்

நீதிமன்றம் இருக்கிறதே, வேறு கட்டுப்பாடு எதற்கு என்பார்கள். தீர்ப்புத் தேதிகளைப் பாருங்கள். நியூசிலாந்தில் 2020 மார்ச் 26 முதல் ஏப்ரல் 3 வரையிலான முதல் 9 நாள் முடக்கம் தேவையானது, ஆனால் சட்ட ஆதாரம் இல்லாதது என்று உயர் நீதிமன்றம் சொன்னது ஆகஸ்ட் 19-இல். தென்னாப்பிரிக்காவின் புகையிலை விற்பனைத் தடை மார்ச் 27-இல் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. அது செல்லாது என்ற தீர்ப்பு டிசம்பரில் வந்தது. நல்ல தீர்ப்புகளே, ஆனால் அடுத்த பேரிடருக்கே பயன்பட்டன. நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது நீதிபதிகள் நிர்வாகத்தின் கணிப்பை மீறத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அவசரநிலையின்போது இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1976-இன் ஜபல்பூர் வழக்கு சான்று. சட்டவிரோதக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 4-க்கு 1 எனத் தீர்ப்பு வந்தது, நீதிபதி எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது 2017-இல்.

பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் தாமதமான தீர்ப்பும் பலன் தரும். 2020 ஏப்ரல் 17-இல் குஜராத் அரசு தொழிற்சாலைச் சட்டத்தின் "பொது அவசரநிலை" விலக்கைப் பயன்படுத்தி, நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம், மிகுநேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று ஆணையிட்டது. அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, உழைத்த மிகுநேரத்துக்கு உரிய கூலியைக் கொடுக்கச் சொன்னது. பெருந்தொற்றும் பொருளாதாரச் சரிவும் நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் வகைப் பொது அவசரநிலை ஆகாது என்பது அதன் அடிப்படை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இறுக்கமான விளக்கம் இருந்ததால்தான் நீதிமன்றத்துக்குப் பிடி கிடைத்தது. "அரசு தேவை எனக் கருதினால்" என்று மட்டும் எழுதியிருந்தால் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது.

நீதிமன்றக் கட்டுப்பாட்டை வலுவாக்க மூன்று வேலைகள் போதும். ஆணைகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்ற பிரிவை நீக்குவது. இலங்கையின் 1947-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இதற்கு நேர் எதிரான மாதிரி. காவலில் வைக்கப்பட்டவருக்குக் கெடு விதிப்பது. தென்னாப்பிரிக்காவில் 5 நாளுக்குள் அரசிதழில் பெயர், 10 நாளுக்குள் நீதிமன்ற ஆய்வு. ஒவ்வொரு ஆணையோடும் காரண அறிக்கையை வெளியிட வைப்பது: என்ன ஆபத்து, எந்தத் தரவு, இதைவிட மென்மையான வழி ஏன் போதாது. நீதிமன்றம் கடைசியில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

தொடக் கூடாதவற்றின் பட்டியல்

எந்த நாளிலும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாதவை என்று ஒரு பட்டியல் இருப்பது நல்லது. 1966-இன் பன்னாட்டுக் குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு உயிர், சித்திரவதையிலிருந்து விடுதலை, அடிமைத்தனத் தடை, முன்தேதியிட்ட தண்டனைக்குத் தடை, மனச்சான்று உரிமை ஆகியவற்றைப் பொது அவசரத்திலும் விலக்கக் கூடாது என்கிறது. பிரிட்டன் சட்டம் நடைமுறைக்கு நெருக்கமானது: அவசர விதிமுறையால் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய முடியாது, கட்டாய ராணுவ சேவை விதிக்க முடியாது, 3 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை தரும் குற்றத்தை உருவாக்க முடியாது, மனித உரிமைச் சட்டத்தைத் திருத்த முடியாது. இத்தகைய துல்லியம்தான் வேண்டும். பட்டியலில் தேர்தல் தேதியையும், சட்டமன்றம், நீதிமன்றம், பத்திரிகை ஆகியவை இயங்குவதையும் சேர்ப்பேன். காலக்கெடுவுக்கு மாற்றாக மட்டும் இதைக் கொள்ள வேண்டாம். பட்டியலில் இல்லாததெல்லாம் அனுமதி என்று வாதிட வழி பிறக்கும்.

பின்விசாரணையும் இழப்பீடும்

கனடாவின் சட்டம் இங்கே முன்மாதிரி. அவசரநிலை முடிந்த 60 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், 360 நாளுக்குள் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். அரசுக்கு விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. 2022 பிப்ரவரி 23-இல் விலக்கிய அவசரநிலைக்கு 2023 பிப்ரவரி 17-இல் அறிக்கை வந்தது. பின்னால் கட்டாய விசாரணை உண்டு என்று தெரிந்தால் அதிகாரிகள் முதல் நாளிலிருந்தே குறிப்பு எழுதுவார்கள். கொள்முதலிலும் இதே தர்க்கம் செல்லும். டெண்டர் விலக்கைத் தடுக்க வேண்டாம்; யாரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கினோம் என்பதை 30 நாளுக்குள் வெளியிட வைத்தால் போதும். கையகப்படுத்திய சொத்துக்கு வாடகைக் கணக்கும், தொகையில் உடன்பாடு இல்லாவிட்டால் நடுவரிடம் போகும் வழியும் வேண்டும்.

கடிவாளம் இறுகினால் நிவாரணம் நின்றுவிடாதா?

இந்தக் கவலை உண்மையானது. விஸ்கான்சினில் கூட்டாட்சி அரசின் கூடுதல் உணவு உதவி மாநில அவசரநிலை அறிவிப்போடு பிணைந்திருந்தது. அறிவிப்பை ரத்து செய்தால் ஏழைக் குடும்பங்களின் உணவுப் பணம் நிற்கும் என்ற நிலை வந்தது. பென்சில்வேனியா 2021 ஜூனில் அறிவிப்பை முடித்தபோது, செவிலியர் உரிமம், தொலைமருத்துவம் போன்றவற்றில் தளர்த்திய விதிகள் ஒரே நாளில் அறுந்துவிடாமல் இருக்க, அவற்றைச் செப்டம்பர் 30 வரை தனியாக நீட்டிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வகை அதிகாரத்தை ஒரே கடிகாரத்தில் கட்டியதன் விளைவு இது. ஒரு வகை கொடுப்பது: நிதி, முகாம், கொள்முதல், உரிமத் தளர்வு, வெளி உதவி கேட்பது. இன்னொரு வகை தடுப்பதும் பறிப்பதும்: ஊரடங்கு, கடை மூடல், கையகப்படுத்தல், காவல், தரவுச் சேகரிப்பு. முதல் வகைக்கு 180 நாள் கொடுத்து, கணக்கு வெளியீட்டை மட்டும் கறாராக வைக்கலாம். இரண்டாம் வகைக்கு 21 நாள், பிறகு சட்டமன்றம், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் 60 நாள், இரண்டாம் நீட்டிப்பிலிருந்து 60 விழுக்காடு. இப்படிப் பிரித்துவிட்டால், நிவாரணத்தைப் பணயமாக வைத்து ஊரடங்கை நீட்டிக்க அரசால் முடியாது. ஊரடங்கை எதிர்ப்பதற்காக நிவாரணத்தை நிறுத்த எதிர்க்கட்சிக்கும் வழியில்லை. முழு ஒப்பீட்டிலும் எனக்கு மிக முக்கியமாகப் படும் வரைவு முடிவு இதுவே. இடமும் பிரிய வேண்டும்: மூன்று மாவட்டத்தில் வெள்ளம் என்றால் ஆணை அந்த மூன்று மாவட்டத்துக்கு மட்டும், பெயர் குறித்து.

கண்காணிப்புக் குழுவின் அமைப்பையும் இங்கேயே முடிவு செய்துவிடுவது நல்லது. 2020-இல் நியூசிலாந்து அமைத்த தொற்றுநோய்க் குழுவுக்கு எதிர்க்கட்சித் தலைவரே தலைவர், பெரும்பான்மையும் எதிர்க்கட்சிக்கு. அமைச்சர்கள் அதன் முன் வந்து பதில் சொன்னார்கள், நேரலையில். செலவும் குறைவு, சட்டத்தில் இரண்டு வரிதான்.

முடியும் நாளன்று என்ன ஆகும் என்பதை எழுதாமல் விட்ட சட்டங்களே அதிகம். பிரான்ஸில் 2015 நவம்பரில் வந்த அவசரநிலை ஆறு முறை நீட்டிக்கப்பட்டு 2017 நவம்பர் 1-இல் முடிந்தது. இரண்டு நாளுக்கு முன் வந்த சட்டம், அதன் சில அதிகாரங்களைச் சற்றே மாற்றி நிரந்தரச் சட்டத்துக்குள் கொண்டுபோயிற்று. இதைத் தடுக்க, அவசரநிலை நடப்பில் இருக்கும்போது அதன் அதிகாரங்களை நிரந்தரமாக்கும் மசோதாவை ஏற்கக் கூடாது, முடிந்து 6 மாதமாவது ஆக வேண்டும் என்று அவை விதிகளில் சேர்க்கலாம். பறிமுதல் செய்த வாகனங்களை எத்தனை நாளில் திருப்புவது, கட்டாத அபராதங்கள் ரத்தாகுமா, உயிர்ச்சேதமோ காயமோ இல்லாத வழக்குகள் தொடருமா, தொற்றாளரோடு தொடர்பில் இருந்தவர்களை அறிய எடுத்த கைபேசித் தரவை யார், எந்தத் தேதிக்குள் அழித்துச் சான்று தருவது ஆகிய நான்குக்கும் வரைவில் தனித்தனி உட்பிரிவு வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஆணை காலாவதியான பின்பும் அதை அமல்படுத்திய செயல்களுக்குச் செல்லாது என்பதையும் அதே பகுதியில் எழுத வேண்டும்.